தக்காளி மரக்கறியா, பழமா? நாம் விடும் தவறுகள்

வெலிமடைச் சந்தையில் போஞ்சி, தக்காளி, கறிமிளகாய், பூசணி எல்லாமே மரக்கறி. தாவரவியலில் அவை நான்கும் பழங்கள். பூவின் சூலகம் முதிர்ந்து, வித்துகளை உள்ளே வைத்து வளர்வது எதுவோ அதுதான் பழம். இரண்டுமே சரி. ஒன்றை வைத்து மற்றதைப் பொய்யென்பதுதான் தவறு. 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இறக்குமதி வரிக்காகத் தக்காளியை மரக்கறி என்று தீர்ப்பளித்தபோதும், தாவரவியலில் அது பழம் என்பதை மறுக்கவில்லை.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழுக்காதவரை நமக்கு அது காய். அதனால் விஞ்ஞானப் பாடத்தில் 'வாழைக்காய் பழமல்ல' என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். பழுக்காவிட்டாலும் அது பழந்தான்.

மண்ணுக்குள் விளைவதெல்லாம் வேர் என்பதும் பிழை. கரட் வேர், உருளைக்கிழங்கு தண்டு. அதன் கண்களில் முளை விடுவது அதனால்தான்.

பெரிய நட்டம் வருவது பாத்தியில். லயத்துக்குப் பின்னால் கிழங்கு தோண்டிய கையோடு அதே இடத்தில் தக்காளி நடுகிறோம். ஒன்று கிழங்கு, மற்றது காய், வேறு வேறு பயிர்தானே என்று நினைப்பு. ஆனால் உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் நான்கும் ஒரே குடும்பம். கிழங்கை வாட்டிய பக்டீரியா மண்ணிலேயே தங்கியிருந்து தக்காளியையும் வாட்டும். காய் பிடிக்கிற நேரத்தில் செடி பச்சையாகவே துவண்டு விழுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். கிழங்குக்குப் பிறகு லீக்ஸோ கரட்டோ போடுங்கள்.

அந்தக் கிழங்குச் செடியிலேயே பூ உதிர்ந்ததும் சில வேளை தக்காளிப்பிஞ்சு மாதிரிப் பச்சைக் காய் பிடிக்கும். உறவைப் பார்த்துச் சாப்பிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அது நஞ்சு, அவித்தாலும் போகாது. பிள்ளைகள் விளையாடும் இடமென்றால் பறித்து அப்புறப்படுத்திவிடுங்கள். தோல் பச்சையாகிவிட்ட கிழங்கையும் கறிக்கு எடுக்க வேண்டாம்.

சாப்பாட்டுத் தட்டிலும் கணக்குத் தவறுகிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் உருளைக்கிழங்கும் மரவள்ளியும் சேராது. அவை சோற்றைப் போல மாச்சத்து. சோறும் கிழங்குக் கறியும் மட்டும் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவர்களின் சாப்பாட்டில் மரக்கறியே இல்லை. கொஞ்சம் கோவாச் சுண்டலோ போஞ்சிக் கறியோ சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.