ஹினேனோவில் இரண்டாகும் ரயில்

ஒசாகாவிலிருந்து ஊர் திரும்பும் நாளில், தென்னோஜி நிலையத்தில் கன்சாய் விமான நிலைய விரைவு ரயில் வந்ததும், பெட்டி எண்ணைக் கவனிக்காமல், கூட்டம் குறைந்த பின்பகுதியில் ஏறி அமர்ந்துவிட்டேன். எட்டுப் பெட்டிகள் கொண்ட அந்த ரயில் ஹினேனோவில் இரண்டாகப் பிரிகிறது என்பதும், 1 முதல் 4 வரையுள்ள முன்பெட்டிகள் மட்டுமே கடலுக்குள் மண்ணிட்டு அமைத்த தீவிலுள்ள விமான நிலையத்துக்குச் செல்ல, மற்றவை வகயாமாவுக்குப் போய்விடும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

கதவுக்கு மேலிருந்த திரையில் வகயாமா என்ற பெயரைக் கண்டதும் வயிற்றைக் கலக்கியது. எதிரே இருந்த மூதாட்டியிடம் கைப்பேசியில் விமானப் படத்தைக் காட்டினேன். அவர் நான்கு விரல்களை உயர்த்திவிட்டு, ரயிலின் முன்பக்கம் கை நீட்டினார். அந்த ரயிலில் நான்காம், ஐந்தாம் பெட்டிகளுக்கு இடையே வழியில்லை. ஆகவே ஹினேனோவில் கதவு திறந்ததும் சூட்கேசை இழுத்துக்கொண்டு நடைமேடையில் விரைந்து முன்பெட்டியில் ஏறினேன். பிரிப்பதற்காக ரயில் அங்கே சற்று நேரம் நின்றது பேருதவி. அடுத்த நிறுத்தம், விமான நிலையத்துக்கு முந்தைய நிலையமான ரிங்கு டவுன் என்ற அறிவிப்பைக் கேட்ட பிறகே மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் நடைமேடையில் பெட்டி எண் குறித்த இடத்தைத் தேடி, நான்குக்குள் நின்றுகொள்கிறேன்; ஏறுமுன் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையிலும் சேருமிடத்தைப் படித்துக்கொள்கிறேன்.