வளர்ந்த மகள்களுடன் டெத் வேலிக்குக் காரில் செல்வது எப்படி?

அமெரிக்காவில் படிக்கும் அல்லது வேலை பார்க்கும் மகள்களோடு பாலைவனத்தைக் காண விரும்பும் பெற்றோருக்கு, கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவையே நான் முதலில் சொல்வேன். லாஸ் வேகஸிலிருந்து ஏறத்தாழ 190 கி.மீ. தொலைவுதான், முக்கிய இடங்களுக்கெல்லாம் தார்ச்சாலை உண்டு. திட்டமிடத் தொடங்கும்போதே மகள்களைச் சம உரிமையுள்ள பயணிகளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். 1913 ஜூலை 10 அன்று இங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. எனவே விடுமுறை கிடைக்கிறது என்பதற்காகக் கோடையில் போக வேண்டாம்.

படி 2: ஓட்டுநர்களைப் பதிவு செய்யுங்கள்

வாடகைக் கார் ஒப்பந்தத்தில் ஓட்டப்போகும் அனைவரின் பெயரும் இருக்க வேண்டும். 25 வயது நிறையாத மகளுக்குப் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் உண்டு. நீங்களும் ஓட்டுவதாக இருந்தால், புறப்படும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். மண் சாலையில் ஓட்டுவதை வாடகை ஒப்பந்தங்கள் பலவும் தடை செய்கின்றன என்பதால், அந்த விதியையும் படித்துவிடுங்கள். மகள் ஓட்டும்போது எங்கே நிறுத்துவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். பின்னிருக்கையிலிருந்து "மெதுவாப் போம்மா" என்று சொல்லிக்கொண்டே வருவது அவளுடைய கவனத்தைத்தான் கெடுக்கும்.

படி 3: தண்ணீர், பெட்ரோல், வரைபடம்

ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது காரில் இருக்கட்டும். பூங்காவுக்குள் பெட்ரோல் விலை மிக அதிகம். ஆகவே வழியில் உள்ள பாரம்ப் ஊரிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது என்பதால், வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொள்வதோடு ஒரு காகித வரைபடமும் வைத்திருங்கள். முந்தைய இரவே பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரத்தைப் பார்க்கும் பொறுப்பை ஒரு மகள் ஏற்கலாம். மழை மிகக் குறைந்த இடம்தான். ஆனாலும் 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் வெள்ளம் சாலைகளை அரித்ததால், பூங்கா சுமார் இரண்டு மாதங்கள் மூடப்பட்டது.

படி 4: வெயிலைப் பார்த்து நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

விடியும் முன்பே சப்ரிஸ்கி பாயிண்ட் என்ற காட்சிமுனைக்குச் சென்றுவிடுங்கள். முதல் வெளிச்சம் எதிரே உள்ள பனமின்ட் மலைமுடியில் விழுந்து, மெல்ல இறங்கி, கீழேயுள்ள மஞ்சள் களிமண் மேடுகளின் மடிப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டும். அங்கிருந்து கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழேயுள்ள பேட்வாட்டர் செல்லலாம். வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்ந்த தரை அதுதான். கார் நிறுத்துமிடத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால், பின்னாலுள்ள பாறைச்சரிவில் உயரத்தில் கடல்மட்டத்தைக் குறிக்கும் சிறு பலகை தெரியும். அதைப் பார்த்த பிறகே ஆழம் உறைக்கிறது. உப்புத்தளத்தில் சற்றுத் தொலைவு நடந்தால், அறுகோணம் போன்ற கட்டங்களின் விளிம்பில் உப்பு நொறுங்கலாக மேலெழுந்து நிற்பதைக் காணலாம்.

நடுப்பகலில் ஃபர்னஸ் கிரீக்கில் ஓய்வெடுங்கள். இரும்பு முதலான தாதுக்களால் பச்சையும் இளஞ்சிவப்புமாக நிறம்மாறிய ஆர்டிஸ்ட்ஸ் டிரைவ் குன்றுகளைப் பிற்பகல் ஒளியில் பார்ப்பதே சிறப்பு. அது சுமார் 14 கி.மீ. ஒருவழிச் சாலை. மாலையில் மெஸ்கீட் மணல்மேடுகளில் மகள்கள் உயரமான மேடு வரை ஏற விரும்பினால் போய்வரட்டும். திரும்பும் நேரத்தை மட்டும் பேசிக்கொண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் சாலையோரம் இருந்துகொள்ளலாம்.

படி 5: கார் சூடேறினால்

நீண்ட ஏற்றங்களில் ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஓட்டுவது நல்லது. வெப்பமானி முள் உயர்ந்தால் ஹீட்டரைப் போட்டு, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது. கார் முழுமையாக நின்றுவிட்டால், உதவி தேடி யாரும் நடந்து செல்லாமல், பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, எல்லோரும் காரின் அருகிலேயே நிழலில் காத்திருங்கள்.