டெல்லிப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது: போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது எப்படி?

கோவையிலோ மதுரையிலோ இருக்கும் ஒருவருக்கு டெல்லியில் வேலை, சம்பளமும் கூட என்று ஆஃபர் லெட்டர் வந்ததும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். அப்பா "போயிட்டு வா" என்பார், அம்மா "அவ்வளவு தூரமா" என்பார், எப்போதோ அங்கே இருந்துவிட்டு வந்த மாமா ஒருவர் குளிரைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். இவர்கள் யாரையும் வைத்து முடிவெடுக்க முடியாது. அங்கே உங்களுடைய சாதாரண வேலைநாள் ஒன்று எப்படிப் போகும், ஒத்துவரவில்லை என்றால் திரும்பி வர எவ்வளவு ஆகும், இந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. அதற்கான வழியைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஆபீஸ் எந்த மாநிலத்தில் இருக்கிறது?

சிரிக்காதீர்கள். "டெல்லி ஆபீஸ்" என்பார்கள், முகவரியைப் பார்த்தால் குருகிராம் என்றிருக்கும், அது ஹரியானா. நொய்டா என்றால் உத்தரப் பிரதேசம். பள்ளி அட்மிஷன் விதி, வண்டிப் பதிவு, கரண்ட் பில் எல்லாமே இதைப் பொறுத்து மாறும். முகவரி கிடைத்ததும் மெட்ரோ வரைபடத்தைத் திறந்து பக்கத்து ஸ்டேஷன் எது என்று பாருங்கள். குருகிராம் என்றால் மஞ்சள் லைன், நொய்டா என்றால் நீல லைன். இந்த லைனில் மாறாமல் போய்ச்சேரும் ஏரியாவில் வீடு தேடுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் ஷேர் ஆட்டோ கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், மே மாத வெயிலில் அந்தக் கடைசி ஒன்றரை கிலோமீட்டர்தான் ஆளைக் கொல்லும்.

படி 2: சம்பள உயர்வைத் தாளில் எழுதிக் கழியுங்கள்

ஒரு உதாரணத்துக்கு, கோவையில் சொந்த வீடு, கையில் வருவது மாதம் 60,000. குருகிராமில் 85,000. 25,000 லாபம் என்று மனசு துள்ளும். இப்போது கழிப்போம்: வாடகை 24,000, மெயின்டனன்ஸும் கரண்டும் 5,000, போக்குவரத்து 3,500. மூன்று பேர் வருஷத்துக்கு இரண்டு தடவை விமானத்தில் ஊருக்கு வந்து போக, ஆளுக்கு 14,000 என்று வைத்தாலும் 84,000, அதாவது மாதம் 7,000. எல்லாம் போக மிச்சம் 45,500. கோவையில் பெட்ரோல், கரண்டுக்கு 5,000 போனாலும் 55,000 நின்றது! இதில் மனைவியோ கணவரோ இங்கே பார்க்கும் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தால் அந்தச் சம்பளத்தையும் கழிக்க வேண்டும். பலரும் இந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள், வசதியாக.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். இங்கேயும் வாடகைக்குத்தான் இருக்கிறீர்கள் என்றால் கணக்கு டெல்லிக்குச் சாதகமாகவே வரலாம். அட்வான்ஸ் அங்கே பெரும்பாலும் ஒன்றிரண்டு மாத வாடகைதான், ஆனால் புரோக்கர் கமிஷனைத் தனியாக எடுத்து வையுங்கள். குருகிராமில் சொசைட்டி என்று சொல்லும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஜெனரேட்டரில் ஓடும் கரண்டுக்கு யூனிட் விலை கூடுதல், அதையும் கேட்டு வாங்குங்கள்.

படி 3: பிள்ளைகள் இருந்தால் இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்

பத்தாவதுக்கோ பன்னிரண்டாவதுக்கோ போகப்போகிற பிள்ளை என்றால் தள்ளிப்போடுங்கள். சிபிஎஸ்இ, பொதுத்தேர்வுக்கான பதிவை 9ஆம், 11ஆம் வகுப்பிலேயே செய்துவிடுகிறது, நடுவில் போய்ச் சேர்வது பெரும்பாடு. சிறிய பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். ஸ்டேட் போர்டில் படித்த பிள்ளைக்கு இந்தி எழுத்தே தெரியாது, கூட உட்கார்ந்திருப்பவர்கள் இந்தியில் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்கள். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் பூசா ரோடு, ஜனக்புரி, ஆர்.கே.புரம், லோதி எஸ்டேட் போன்ற இடங்களில் இருக்கின்றன, தமிழும் சொல்லித்தருகிறார்கள். ஆனால் அவை டெல்லிக்குள். ஆபீஸ் நொய்டாவில் என்றால் யார் பயணம் செய்வது, நீங்களா பிள்ளையா?

அங்கே பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கிவிடும், நம் ஊர் மாதிரி ஜூன் வரை காத்திருக்காது. அதனால் குளிர்காலத்திலேயே சீட்டுக்கு அலைய வேண்டும்.

பின்னால் தமிழ்நாட்டுக்கே திரும்புவதாக இருந்தால் இன்னும் சிலதைப் பாருங்கள். 8 முதல் 12 வரை இங்கே படிக்காத பிள்ளை பொறியியல் கலந்தாய்வுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் வாங்கித்தர வேண்டியிருக்கும், அது அலைச்சல்தான், முடியாத காரியமில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 சதவீத முன்னுரிமையும் நடுவில் வெளியே போய்விட்டால் போனதுதான்.

படி 4: மோசமான சீசனில் போய்ப் பாருங்கள்

பிப்ரவரி, மார்ச்சில் டெல்லிக்குப் போகிற எவருக்கும் அந்த ஊர் பிடிக்கும். இதமான வெயில், ரவுண்டானா எல்லாம் பூ. அதை வைத்து முடிவெடுத்தால் நவம்பரில் தெரியும். முடிந்தால் தீபாவளி முடிந்த வாரத்திலோ மே கடைசியிலோ போய் ஒரு பிஜியில், அதாவது பேயிங் கெஸ்ட் விடுதியில் தங்கிப் பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப்பில் காற்றுத் தர எண் வரும்: 200 தாண்டினால் மோசம், 300 தாண்டினால் மிக மோசம், 400க்கு மேல் கடுமை. நவம்பரில் 400 என்பது அங்கே அதிசயமில்லை. வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், என்னைக் கேட்டால் இந்த ஒரு காரணத்துக்காகவே டெல்லி வேலை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். சப்ளை காலையும் மாலையும் கொஞ்ச நேரம்தான் வரும் ஏரியாக்கள் நிறைய, மோட்டார் போடுவது யார் என்பதில் மாடிக்கு மாடி சண்டை நடக்கும். மொட்டை மாடியை ஒட்டிய வீடு வாடகை குறைவு, மே மாதம் சுவரில் கை வைத்தால் ராத்திரி பத்து மணிக்கும் சுடும். கீழ்த்தளத்தில் ஜனவரி வெயிலே எட்டிப்பார்க்காது, துவைத்துப் போட்ட ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் இடுப்புப் பட்டியில் ஈரமாகவே இருக்கும்.

படி 5: அவசரத்துக்கு ஊர் வந்து சேர எத்தனை மணி நேரம்?

சென்னை சென்ட்ரலுக்கு வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சுமார் 2,180 கிலோமீட்டரை ஏறக்குறைய 33 மணி நேரத்தில் கடக்கிறது. அதற்கு மேல் உங்கள் ஊருக்கு எவ்வளவோ அது. விமானம் சென்னைக்கு மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும், ஆனால் அன்றைக்கே எடுக்கும் டிக்கெட் விலை வேறு ரகம். பொங்கல் வருவது அங்கே மூடுபனி உச்சத்தில் இருக்கும் நேரம், ரயிலும் விமானமும் தாமதமாகும். ரயில் முன்பதிவும் 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள் என்றால், ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகப்போவது யார் என்று பெயரோடு எழுதுங்கள். "யாராவது இருப்பாங்க" என்பது பதில் இல்லை.

படி 6: திரும்பி வரும் கதவைத் திறந்து வையுங்கள்

இடமாற்றப் பணம் தருகிறார்களா? ஒரு வருஷத்துக்குள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாடகை ஒப்பந்தம் வழக்கம்போல 11 மாதம், அதில் லாக்-இன், அதாவது நடுவில் காலி செய்ய முடியாத காலம், எத்தனை மாதம் என்று பாருங்கள். இங்கே இருக்கும் வீட்டை உடனே விற்காதீர்கள். முடிந்தால் முதல் ஆறு மாதம் ஒருவர் மட்டும் போய் இருந்துவிட்டு, அந்தக் குளிரையும் புகையையும் பார்த்தபின் குடும்பத்தை அழைத்துப் போவதுதான் எனக்குத் தெரிந்து நஷ்டம் குறைந்த வழி.

சரி, போவதென்று முடிவாகிவிட்டதா?

வண்டியைப் பற்றி இப்போதே யோசியுங்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், அதற்கு இங்கே உள்ள ஆர்டிஓவில் என்ஓசி வாங்க வேண்டும், அங்கே சாலை வரி மறுபடி கட்ட வேண்டும். பழைய டீசல் காரை டெல்லிப் பக்கம் கொண்டு போவதே வம்பு, இங்கேயே விற்றுவிடுங்கள். பைக்கை ரயிலில் பார்சல் போடுவதானால் டேங்கைச் சுத்தமாகக் காலி செய்து, ஆர்சி நகலோடு ரயில் கிளம்பும் நேரத்துக்கு நிறையவே முன்னால் பார்சல் ஆபீஸுக்குப் போய்விடுங்கள்.