பலதரப்பட்ட பிள்ளைகள் பயிலும் வகுப்புக்குக் கதைப்புத்தகம் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருப்பூரின் அரசுத் தொடக்கப்பள்ளிகளில், பனியன் கம்பெனி வேலைக்காகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கிறார்கள். நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். வேறு ஊர்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களின் பிள்ளைகளும், 2023-ல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்ட நரிக்குறவர் சமூகத்துப் பிள்ளைகளும் உண்டு. இத்தகைய வகுப்புக்குப் புத்தகம் வாங்கும் ஆசிரியர், அதில் பல பண்பாடுகள் இடம்பெறுகின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதாது. கதையில் வரும் சமூகத்துப் பிள்ளை அதே கதையை மற்றவர்கள் முன்னிலையில் உரக்கப் படிக்க நேர்ந்தால் அதன் முகம் மலருமா, குனியுமா என்பதே முதற்கேள்வி.

எழுத்தைப் படிக்காமல், படங்களை மட்டும் முதலில் புரட்டிப் பாருங்கள். நல்லவர்கள் சிவந்த நிறத்திலும் திருடனும் அரக்கனும் கருத்த நிறத்திலும் வரையப்பட்டிருந்தால், கதை எவ்வளவு நல்லதானாலும் அந்தப் புத்தகத்தைத் தவிர்ப்பதே என் முடிவு. இந்த வழக்கம் நம் படக்கதைகளில் நெடுங்காலமாக ஊறிக் கிடக்கிறது. அடுத்து, காலத்தைக் கவனியுங்கள். நீலகிரியின் பழங்குடியினரான தோடர்களில் பெரும்பாலோர் இன்று சாதாரண வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களை எப்போதும் அரைவட்டக் கூரைக் குடிசையின் முன் பூத்தையல் போர்வையோடு மட்டுமே நிறுத்தும் புத்தகம், சீருடை அணிந்து பள்ளிக்கு வரும் தோடர் சிறுமியைக் கண்டுகொள்வதே இல்லை.

பிறகு கதையைப் படித்து, யார் என்ன செய்கிறார்கள் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடிவெடுப்பது, கண்டுபிடிப்பது, வழிசொல்வது எல்லாம் நகரத்திலிருந்து வந்தவருக்கும், அழுவது, பெறுவது, நன்றி சொல்வது எல்லாம் பழங்குடிப் பிள்ளைக்கும் என்று பிரிந்திருந்தால், அது இரக்கத்தைக் கற்பிக்கலாம், மதிப்பைக் கற்பிக்காது. பாம்பு பிடிப்பதில் தேர்ந்த பழங்குடியினரான இருளர்களை எடுத்துக்கொள்வோம். 1978-ல் தொடங்கிய அவர்களது பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் பாம்பு நஞ்சு சேகரித்து, நஞ்சுமுறி மருந்து தயாரிப்புக்கு வழங்கிவருகிறது; 2023-ல் அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இந்த அறிவைத் திறமையாகக் காட்டும் கதை வேண்டும். அதேவேளை, ஒவ்வொரு கதையிலும் இருளர் சிறுவன் பாம்போடுதான் வர வேண்டுமா என்றும் கேட்க வேண்டும்; கணக்குப் பாடத்துக்கு அஞ்சுகிற, திருவிழாவில் தொலைந்துபோகிற இருளர் சிறுவனும் கதைக்கு உரியவனே.

பேச்சும் உணவும் ஆசிரியரின் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும். வடமாநிலச் சிறுவனின் தடுமாறும் தமிழைச் சிரிப்புக்காகவே பயன்படுத்தும் கதையை ஒதுக்கிவிடுங்கள். "நல்ல குடும்பம்" எப்போதும் சைவம் உண்பதாகவும், இசுலாமியச் சிறுமி ரமலான் நாளில் மட்டும் பிரியாணியோடு தோன்றுவதாகவும் இருந்தால், மற்றப் பிள்ளைகளின் வீட்டுச் சமையலைப் பற்றி அப்புத்தகம் சொல்லாமல் சொல்வதை எண்ணிப்பாருங்கள்.

எழுதியவர் கதையில் வரும் சமூகத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் யாரிடம் கேட்டறிந்தார், யார் சரிபார்த்தார் என்ற விவரம் முன்னுரையில் இருந்தால் நம்பிக்கை கூடும். ஐயம் எழுந்தால் அச்சமூகத்துப் பெற்றோர் இருவர் மூவரிடம் புத்தகத்தைக் காட்டிப் பேசுங்கள். ஒருவரின் கருத்தை எல்லோரின் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். "உங்கள் வீட்டில் இப்படித்தானா?" என்று வகுப்பு நடுவே பிள்ளையிடம் மட்டும் ஒருபோதும் கேட்கக் கூடாது.

புத்தகங்களைத் தனித்தனியாக எடைபோட்ட பின், அலமாரியை மொத்தமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-ல் எழுதிய கட்டுரையில், பிள்ளைகளுக்குப் புத்தகம் தம்மைக் காணும் கண்ணாடியாகவும் பிறரைக் காணும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். நம் அலமாரிகளில் சில பிள்ளைகளுக்குக் கண்ணாடிகளே நிறைந்திருக்கின்றன, சிலருக்குச் சன்னல்கள் மட்டுமே. எந்தப் பிள்ளைக்கு எது குறைகிறது என்று பெயர் வாரியாக எழுதிப்பார்த்தால் அடுத்து வாங்க வேண்டியது தெரிந்துவிடும். பணம் இல்லையென்றால், சிறுவர் நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் இந்தி, ஒடியா, தமிழ் எனப் பல மொழிகளில் கதைகளை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே நூலகத்தில் உள்ள குறையுள்ள புத்தகங்களை முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பில், இழிவுபடுத்தாத அளவில் குறையுள்ளவற்றை ஆசிரியர் உடனிருந்து படிக்கலாம். இந்தக் கதையில் யார் பேசவே இல்லை, அவர் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டு, அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளையே திருத்தி எழுதச் சொல்லலாம்.