கோவில் அலுவலக சர்வரில் எந்தக் கோப்புறை யார் கண்ணில் படலாம்?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோவில் அலுவலகம் இருப்பதாகவும், அதன் விண்டோஸ் சர்வரில் உறுப்பினர் பதிவேடு, நன்கொடைக் கணக்கு, தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் விவரம், காவடித் திருவிழா ஏற்பாடு ஆகிய நான்கு கோப்புறைகளும் ஒரே பகிர்வின்கீழ் (நெட்வொர்க் வழியாகப் பிறர் திறக்கும்படி பகிர்ந்த கோப்புறை, ஆங்கிலத்தில் ஷேர்) இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். காவடிக்கு உதவ வரும் தொண்டர் ஒருவர் அந்தப் பகிர்வைத் திறந்தால், மற்ற மூன்றின் பெயர்கூட அவருக்குத் தெரியத் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவில் 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்து, ஓராண்டு அவகாசத்துக்குப் பின் கட்டாயமான போப்பியா என்னும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், மத நம்பிக்கை பற்றிய தகவலையும் பிள்ளைகளைப் பற்றிய தகவலையும் தனிக் கவனத்துக்கு உரியவையாக வகுத்திருக்கிறது. கோவில் உறுப்பினர் பட்டியல் என்பதே ஒருவரின் சமயத்தைச் சொல்லிவிடும் ஆவணம்தான்.

முதலில் அனுமதியைச் சரிசெய்ய வேண்டும்; மறைப்பது அதற்குப் பிறகே. விண்டோஸில் பகிர்வுக்கான அனுமதி, வட்டிலுள்ள கோப்புக்கான என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் முறை) அனுமதி என இரண்டு அடுக்குகள் உண்டு. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இவற்றுள் எது கடுமையானதோ அதுவே செல்லும். இரண்டிலும் நுணுக்கம் காட்டினால் பின்னாளில் குழப்பமே மிஞ்சும் என்பதால், பகிர்வு அடுக்கில் உள்நுழைந்த பயனர்கள் அனைவருக்கும் மாற்றும் உரிமையைக் கொடுத்துவிட்டு, கட்டுப்பாடு முழுவதையும் என்டிஎஃப்எஸ் அடுக்கில் வைப்பதே நல்லது. அனுமதியைத் தனி ஆளுக்குக் கொடுக்காமல், கணக்கர் குழு, ஆசிரியர் குழு, விழாக் குழு எனக் குழுக்களை உருவாக்கி அவற்றுக்கே கொடுங்கள். நிர்வாகக் குழு மாறும்போது குழுவிலுள்ள பெயர்களை மட்டும் மாற்றினால் போதும்.

பெரும்பாலான தவறுகள் நேர்வது மேற்கோப்புறையின் அனுமதி கீழே இறங்கும் இடத்தில்தான். நான்கு கோப்புறைகளையும் உள்ளடக்கிய அந்த மேற்கோப்புறையின் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு எனச் சென்று, வட்டிலிருந்து இறங்கிவரும் அனுமதியை நிறுத்துங்கள். அப்போது கேட்கப்படும் கேள்விக்கு, ஏற்கெனவே உள்ளவற்றை நேரடி அனுமதிகளாக மாற்றும்படி விடையளித்துவிட்டு, யூசர்ஸ் என்ற பொதுக் குழுவை மட்டும் நீக்குங்கள். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டையும் தொடவே வேண்டாம். பிறகு எல்லாக் குழுக்களுக்கும் படிக்கும் உரிமையைச் சேர்த்து, அது "திஸ் ஃபோல்டர் ஒன்லி" (இந்தக் கோப்புறைக்கு மட்டும்) என்ற அளவில் நிற்கும்படி அமையுங்கள். இனி ஒவ்வொரு உட்கோப்புறையிலும் அதற்குரிய குழுவுக்கு மட்டும் மாற்றும் உரிமை தந்தால் போதும். டினை என்னும் மறுப்பு விதியைத் தவிர்ப்பது நலம். இரண்டு குழுக்களில் இருக்கும் ஒருவரை அது எதிர்பாராத இடத்தில் தடுத்துவிடும்.

இதன்பின் சர்வர் மேனேஜரில் ஃபைல் அண்ட் ஸ்டோரேஜ் சர்வீசஸ், ஷேர்ஸ் என்ற வழியில் அந்தப் பகிர்வின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, செட்டிங்ஸ் பகுதியில் ஆக்சஸ் பேஸ்டு எனுமரேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். படிக்கும் உரிமை இல்லாத கோப்புறைகள் அந்தப் பயனரின் பட்டியலில் அதன்பின் இடம்பெறா. ஆனால் பகிர்வின் பெயரை இது மறைக்காது. பெயரின் கடைசியில் டாலர் குறியிட்டால் பெயரும் பட்டியலில் வராது என்பது உண்மையே; எனினும் பாதை தெரிந்தவர் தட்டச்சு செய்து முயலலாம் என்பதால் அதைப் பாதுகாப்பாகக் கருதக் கூடாது.

ஒருவருக்கு மறைந்த கோப்புறையின் உள்ளே ஆழத்திலுள்ள ஒரே ஒரு கோப்புறை தேவைப்பட்டால், மேலுள்ளது தெரியாததால் அவரால் அதைத் தேடிச் செல்ல முடியாது. அதற்காக மேலே ஓட்டை போடுவதைவிட, அந்தக் கோப்புறையை முதல் நிலைக்குக் கொண்டுவருவதே சீரானது.

லினக்ஸில் சாம்பா என்னும் கோப்புப் பகிர்வு மென்பொருளை வைத்திருப்பவர்கள் பகிர்வின் அமைப்பில் "ஹைட் அன்ரீடபிள்" என்பதை இயக்கினால் இதே பயன் கிடைக்கும்.

சோதனையை நிர்வாகிக் கணக்கில் செய்யாதீர்கள். நிர்வாகிக்கு எல்லாமே தெரியும். விழாக் குழுவில் ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி, சர்வரில் அமராமல் வேறொரு கணினியிலிருந்து பகிர்வைத் திறந்து பாருங்கள். சர்வரிலேயே உட்கார்ந்து வட்டைத் திறந்தால் இந்த மறைப்பு செயல்படாது. குழுவில் மாற்றம் செய்திருந்தால், அந்தப் பயனர் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பிறகே அது பலிக்கும்.