ஏரி வற்றியிருந்தால் சுவர்ப் பாசியைச் சுரண்டுங்கள்: நுண்ணுயிர் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

வேலூரில் மைக்ராஸ்கோப் வாங்கியவர்கள் பலரிடம் ஒரு சாக்கு தயாராக இருக்கும்: "மழை வரட்டும், ஏரியில தண்ணி நிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்." பாலாறே ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஊரில் இப்படிக் காத்திருந்தால், கருவி பெட்டிக்குள்ளேயே பூஞ்சை பிடித்துவிடும். நுண்ணுயிர் பார்ப்பதற்கு ஊர் வறண்டிருப்பது குறையே இல்லை. காய்ந்து கிடந்து மறுபடி எழும் உயிர்களைத் தேடுகிறவர்களுக்கு வட ஆற்காட்டு வெயில் பெரிய வசதி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காம்பவுண்டு சுவரில் பச்சைப் பசேலென்று படரும் பாசி, பங்குனி பிறப்பதற்குள் கறுத்து மொறமொறவென்று ஆகிவிடும். செத்துப்போச்சு என்று நினைத்து அதைத் தாண்டிப் போவதுதான் பெரிய தவறு. கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுரண்டி எடுத்தாலே போதும். அதற்குள் நீர்க்கரடிகளும் (டார்டிகிரேடு எனப்படும் எட்டுக்கால் நுண்விலங்கு) ரோட்டிஃபர்களும் (தலையில் நுண்மயிர் வளையம் கொண்ட நுண்விலங்கு) உறங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஈரம் குறையக் குறைய நீர்க்கரடி தன் எட்டுக் கால்களையும் உள்ளே இழுத்துச் சுருண்டு, உடம்பில் உள்ள நீரை ஏறக்குறைய முழுவதும் இழந்து, உயிர் வேலைகளையெல்லாம் நிறுத்திவிடும். தண்ணீர் பட்டால் மறுபடி எழும். இந்த மறு எழுச்சியை முதலில் எழுதி வைத்தவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவென்ஹுக். வீட்டுக் கூரையோர மழைநீர்க் காலில் காய்ந்து கிடந்த வண்டலில் தண்ணீர் விட்டு, உள்ளிருந்த சிற்றுயிர்கள் நீந்துவதை 1702இல் பார்த்தார். சைபீரிய உறைபனி மண்ணில் சுமார் 24,000 ஆண்டுகள் உறைந்திருந்த டெலாய்டு என்ற வகை ரோட்டிஃபர்கள் பிழைத்து எழுந்து இனப்பெருக்கமும் செய்ததாக 2021இல் ஆய்வு வந்தது. இந்த வகையில் ஆணே கிடையாது. எல்லாம் பெண்கள்தான், கோடிக்கணக்கான ஆண்டுகளாக இப்படியே இனம் பெருகி வருகிறது.

சுரண்டிய பாசியை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள். கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். சாதாரண காகித உறையே நல்லது. ஊற வைக்கக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுவதும் தவறு, அதில் குளோரின் இருக்கும். பிடித்து வைத்த மழைநீர் உத்தமம். இல்லையென்றால் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டு எடுங்கள். அரை மணி நேரத்தில் சில உயிர்கள் எழுந்துவிடும், ஆனாலும் விடிய விடிய ஊற விடுவதுதான் என் பழக்கம். அப்புறம் இன்னொரு தவறு, பாசி இலையையே ஸ்லைடில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது. பாசியைப் பிழிந்து, கிண்ணத்தின் அடியில் தங்கும் வண்டலைத்தான் பார்க்க வேண்டும்.

நீர்க்கரடிக்குச் சாவே கிடையாது என்று இணையத்தில் பரப்பிவிட்டார்கள். அதை நம்பி, ஊற வைத்த கிண்ணத்தை மே மாதம் மொட்டை மாடியில் விட்டால் மறுநாள் பிணங்களைத்தான் பார்ப்பீர்கள். ஒரு நீர்க்கரடி இனத்தை வைத்து 2020இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நனைந்து நடமாடிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் முழுக்க 37.1 டிகிரி செல்சியஸில் வைத்தால் பாதி செத்துவிடுகின்றன. காய்ந்து சுருண்ட நிலையில் இருப்பவற்றில் பாதியைக் கொல்ல 82.7 டிகிரி ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. இங்கே கோடையில் 40ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். ஆக, அவற்றைக் காப்பாற்றுவது வறட்சிதான். ஈரத்தோடு சேர்ந்த வெப்பம்தான் ஆபத்து. கிண்ணத்தை வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.

சரி, தண்ணீர் நிற்கும் காலத்துக்கு வருவோம். கழிஞ்சூர் ஏரியோ ஊர்க்குளமோ, நடுவில் தெளிந்த தண்ணீரை மொண்டு வந்து "ஒன்றுமே இல்லை" என்பவர்கள் அதிகம். உயிர்கள் ஒட்டிக்கொண்டு வாழும் இடம் வேறு: செடி வேர், அழுகிய இலையின் அடிப்பக்கம், கல்லில் வழுவழுப்பாகப் படிந்த பசை. ஆகாயத்தாமரை வேரை ஒரு டப்பாவில் உதறினாலே போதும். மூடியை இறுக்கி, பாட்டிலை வண்டிப் பெட்டியில் வெயிலில் வைத்து ஊர் சுற்றினால் பாதி உயிர்கள் மூச்சுத் திணறிப் போகும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அரை பாட்டில் மட்டும் நிரப்பி மூடியைத் தளர்த்தி வையுங்கள். கோட்டை அகழியைப் பார்த்ததும் கை பரபரக்கும், ஆனால் அது தொல்லியல் துறை பராமரிப்பில் உள்ள இடம், உள்ளே இறங்க வேண்டாம். அதில் ஒரு காலத்தில் முதலைகளை விட்டிருந்ததாக ஊரில் சொல்வார்கள். வேட்டை பார்க்கத்தான் ஆசை என்றால் சாதாரணக் குளத்துச் சொட்டிலேயே அது கிடைக்கும். டிடினியம் என்ற ஒற்றைச் செல் உயிரி, தன்னைவிடப் பெரிய பாரமீசியம் என்ற இன்னொரு ஒற்றைச் செல் உயிரியை முழுசாக விழுங்கிவிடும்.

எடுத்தவுடன் பெரிய லென்ஸுக்குத் தாவுவதுதான் கருவி வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பள்ளி மைக்ராஸ்கோப்பில் 4 மடங்கு லென்ஸில் சுமார் நாலரை மில்லிமீட்டர் அகலம் தெரியும் என்றால், 40 மடங்கு லென்ஸில் அதில் பத்தில் ஒரு பங்குதான் தெரியும். பாரமீசியம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீந்தும். கண் இமைப்பதற்குள் ஓடிவிடும், நீங்கள் வெறும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முதலில் சின்ன லென்ஸில் தேடுங்கள். நீச்சலை மட்டுப்படுத்த, பஞ்சிலிருந்து நாலைந்து இழையைப் பிரித்துச் சொட்டுக்குள் போட்டால் அவை வேலி கட்டிவிடும். ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகிதக் கருவியில் வழக்கமாக 140 மடங்கு லென்ஸ் ஒன்றுதான் இருக்கும். அதனால் சொட்டை இன்னும் மெல்லியதாக வைத்துப் பொறுமையாகத் தேட வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்த உயிர்கள் கண்ணாடி போல ஊடுருவித் தெரிபவை. விளக்கை முழுசாக வைத்தால் வெளிச்சத்திலேயே கரைந்துவிடும். ஸ்லைடு வைக்கும் மேடைக்கு அடியில் இருக்கும் ஒளித்திறப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். இருந்த இடமே தெரியாத வோர்டிசெல்லா என்ற ஒற்றைச் செல் உயிரி, மணி வடிவமும் சுருள் காம்புமாகத் திடீரென்று தெரியும். ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். இங்கத்திய காற்றில் சொட்டு சீக்கிரம் உலர்ந்து, மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் அழுத்தி உயிரி தட்டையாகிவிடும். அந்த நசுங்கிய உருவத்தைப் புது இனம் என்று படம் பிடித்துப் பகிர்ந்தவர்கள் உண்டு. ஓரத்தில் அவ்வப்போது ஒரு துளி தண்ணீர் விட்டால் இந்தப் பிரச்சினை வராது.

கண் ஏமாறும் இடங்களும் பல. கறுப்பு விளிம்போடு கச்சிதமான வட்டமாகத் தெரிந்தால் அது காற்றுக் குமிழி, முட்டை அல்ல. வண்ண நூல்கள் துணியிலிருந்து உதிர்ந்தவை. துகள்கள் துடித்துக்கொண்டே இருப்பதாலேயே உயிர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ராபர்ட் பிரவுன் 1827இல் மகரந்தத்துக்குள்ளிருந்த துகள்கள் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, உயிரில்லாத பொடிகளையும் தண்ணீரில் போட்டுப் பார்த்தார், அவையும் நடுங்கின. நீர் மூலக்கூறுகள் இடிப்பதால் வரும் அசைவு அது. ஓரிடத்திலேயே நடுங்கினால் தூசி, வழி மாறித் திரும்பிப் போனால் உயிர் என்று தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். ரோட்டிஃபரின் தலையில் சக்கரம் சுற்றுவது போலத் தெரியுமே, அதுவும் கண் மயக்கம்தான். வரிசையாக இருக்கும் நுண்மயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பதால் அப்படித் தோன்றுகிறது.

கிருமி என்றதும் வேலூர்க்காரர்களுக்கு சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஞாபகம் வந்துவிடும். நுண்ணுயிரியல் ஆய்வாளர் ககன்தீப் காங் அங்கே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸை உங்கள் வீட்டு மைக்ராஸ்கோப்பில் தேட வேண்டாம். அது ஒளியின் அலைநீளத்தைவிடச் சின்னது, எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். சொட்டில் நீந்தும் உயிர்களில் பெரும்பாலானவை நமக்கு நோய் தருபவையும் அல்ல. அதற்காக அலட்சியம் கூடாது. ஸ்ட்ராவால் வாயில் உறிஞ்சித் தண்ணீர் எடுப்பது, பிள்ளைகள் செய்வதைப் பார்த்திருக்கிறேன், உடனே தடுக்க வேண்டிய பழக்கம். இங்க் ஃபில்லர் போதும். பச்சை பெயின்ட் கொட்டியது போல ஏரி இருந்தால் கைகூட வைக்காதீர்கள், நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் நஞ்சு சுரக்கும். ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடும் வாய்க்கால்களையும் விட்டுவிடுங்கள். பார்த்து முடித்த தண்ணீரை எடுத்த இடத்திலேயே ஊற்ற வேண்டும், முடியாவிட்டால் கொதிக்க வைத்துச் செடிக்கு ஊற்றலாம். வேறு ஏரியில் மட்டும் கொட்டக் கூடாது.