எந்த மலேரியா இது? ஒரு வட்டாரத்தின் ஒட்டுண்ணி இனங்களைக் கண்டறியும் வழி

மலேசியாவின் போர்னியோத் தீவு மாநிலமான சரவாக்கில், ராஜாங் ஆற்றங்கரையில் இருக்கிறது காப்பிட் என்ற ஊர். அங்கே காய்ச்சலோடு வந்தவர்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து, 'பிளாஸ்மோடியம் மலேரியே' என்று பல ஆண்டுகள் பதிவேட்டில் எழுதிவந்தார்கள். பிளாஸ்மோடியம் என்பது மலேரியா ஒட்டுண்ணிகளின் பொதுப்பெயர். மலேரியே மெதுவாகப் பெருகும் இனம். இரத்தத்தில் குறைவாகவே தென்படும், ஆளை அவ்வளவாகச் சாய்க்காது. காப்பிட் நோயாளிகளிடமோ ஒட்டுண்ணிகள் மிகுதியாக இருந்தன. இந்த முரண்பாட்டை ஆய்வாளர்கள் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழுவினர் தள்ளிவிடவில்லை. மரபணுச் சோதனையில் 208 மலேரியா நோயாளிகளுள் 120 பேரிடம் குரங்குகளின் ஒட்டுண்ணியான 'நோலெசி' இருந்தது. மலேரியே ஒருவரிடம்கூட இல்லை. 2004இல் அந்த முடிவு வெளியானது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஸ்லைடு மட்டும் பார்த்து இனத்தின் பெயரைச் சொல்லிவிட முடியாது. ஊர், நோயாளி, சிவப்பணு, மரபணு நான்கும் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும்.

முதல் படி: ஊரைப் படியுங்கள்

மனிதரிடம் வழக்கமாகக் காணப்படுபவை ஃபால்சிபாரம், வைவாக்ஸ், மலேரியே, ஓவலே என்ற நான்கு இனங்கள். தென்கிழக்கு ஆசியக் காட்டோரங்களில் ஐந்தாவதாக நோலெசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் பெரும்பாலும் வைவாக்ஸ். மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபால்சிபாரம் மேலோங்கியிருக்கிறது. வைவாக்ஸ் சிவப்பணுவுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் டஃபி என்ற புரதம் அங்கே பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் இல்லாததால், அந்த இனம் அங்கே அரிது.

சரவாக் என்றால் கேள்விகள் மாறும். நீண்டவால் குரங்கும் பன்றிவால் குரங்கும் எந்தக் காட்டில் இருக்கின்றன? நோயாளி மரம் வெட்டப் போனவரா, மலைச்சரிவில் நெல் விதைப்பவரா, காட்டில் இரவு தங்கினாரா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் நுண்ணோக்கியின் முன் அமராதீர்கள்.

பயண விவரத்தையும் கேளுங்கள். கடந்த ஒரு மாதத்தோடு நிறுத்திவிட வேண்டாம். வைவாக்ஸும் ஓவலேயும் கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழும். போன ஆண்டு வேறொரு நாட்டில் தொற்றியதை உங்கள் ஊர்க் கணக்கில் சேர்த்துவிட்டால் வரைபடமே பொய்யாகிவிடும்.

இரண்டாம் படி: இரத்தம் எடுத்தல்

ஒப்புதல் பெற்று, கையுறை அணிந்து, மருந்து கொடுப்பதற்கு முன்பே எடுங்கள். மருந்து பட்ட ஒட்டுண்ணிகள் உருக்குலைந்துவிடும். மோதிர விரல் நுனியில் குத்தி, ஸ்லைடில் ஒரு தடித்த பூச்சும் ஒரு மெல்லிய பூச்சும் போடுங்கள். வடிதாளில் இரண்டு மூன்று சொட்டு வாங்கி நன்றாக உலரவிட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையில் இடுங்கள். மரபணுச் சோதனைக்கு அதுதான் கைகொடுக்கும். மருத்துவமனைக்கு வருகிறவர்களோடு நின்றுவிடாமல் ஊர்களுக்குள்ளும் போய், மழைக்காலம் கோடைக்காலம் இரண்டிலும் சேகரியுங்கள்.

மூன்றாம் படி: சாயம்

மெல்லிய பூச்சை மட்டும் மெத்தனாலில் தோய்த்து நிலைப்படுத்துங்கள். தடித்த பூச்சில் மெத்தனால் ஒரு துளியும் படக்கூடாது. அங்கே சிவப்பணுக்கள் நீரில் கரைந்து போனால்தான் அடுக்கடுக்காகக் கிடக்கும் ஒட்டுண்ணிகள் தெரியும். பிறகு 3 விழுக்காடு ஜீம்சா சாயத்தில் 45 முதல் 60 நிமிடம் வையுங்கள். அவசரமென்றால் 10 விழுக்காட்டில் சுமார் 10 நிமிடம் போதும். சாயம் கலக்கும் நீரின் காரஅமிலக் குறி (pH) 7.2 ஆக இருக்கட்டும். குழாய் நீரை அப்படியே ஊற்றினால், வைவாக்ஸை அடையாளம் காட்டும் புள்ளிகள் தோன்றாமலே போகலாம். தொடக்கக்காரர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

நான்காம் படி: பார்த்தல்

எண்ணெய்த் துளி வைத்து 100 மடங்கு வில்லையில் பாருங்கள். ஒட்டுண்ணி இருக்கிறதா என்பதைத் தடித்த பூச்சு சொல்லும். 100 பார்வைப் புலமாவது பார்க்காமல் 'இல்லை' என்று எழுதாதீர்கள். எந்த இனம் என்பதை மெல்லிய பூச்சு சொல்லும். அதில் முதலில் பார்க்க வேண்டியது ஒட்டுண்ணியை அல்ல, அது குடியிருக்கும் சிவப்பணுவைத்தான். அணு பெருத்திருக்கிறதா, இயல்பாக இருக்கிறதா, சிறுத்திருக்கிறதா? பக்கத்தில் தொற்றில்லாத அணுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அணு பெருத்து, இளஞ்சிவப்புப் புள்ளிகள் தூவினாற்போல் இருந்து, உள்ளே ஒட்டுண்ணி ஒழுங்கற்றுப் பரவிக் கிடந்தால் வைவாக்ஸ். இளம் சிவப்பணுக்களை அது நாடுவதால்தான் அந்தப் பெருக்கம். அதே புள்ளிகளோடு அணு முட்டை வடிவில் நீண்டு, ஓரம் பிசிறியிருந்தால் ஓவலே என்று ஐயுறுங்கள்.

அணு இயல்பான அளவில் இருந்து, மெல்லிய மோதிரங்கள் மட்டுமே தெரிந்து, ஒரே அணுவில் இரண்டு மூன்று மோதிரங்களும் சில மோதிரங்களில் இரட்டைப் புள்ளியும் இருந்தால் ஃபால்சிபாரம். வாழைப்பழம் போல வளைந்த பாலணு (ஒட்டுண்ணியின் இனப்பெருக்க வடிவம்) ஒன்று கண்ணில் பட்டாலே அந்த இனம் உறுதி. வளர்ந்த ஒட்டுண்ணிகள் ஏன் காணவில்லை என்று குழம்ப வேண்டாம். அவை தாங்கிய அணுக்கள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டுவிடும். விரல் நுனி இரத்தத்துக்கு அரிதாகவே வரும்.

அணுவின் குறுக்கே பட்டை போல ஒட்டுண்ணி படுத்திருந்தால் பாடநூல் 'மலேரியே' என்று சொல்லும். நோலெசியும் அதே பட்டையைக் காட்டும். இளம் பருவத்தில் அது ஃபால்சிபாரத்தின் மோதிரத்தையும் ஒத்திருக்கும். ஆனால் மலேரியே 72 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும், நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை. மலேரியே என்று எண்ணி ஆறஅமர இருந்தால், மறுநாளே நோயாளியின் நிலை கைமீறலாம். சரவாக்கில் நோலெசியால் நேர்ந்த நான்கு இறப்புகள் 2008இல் பதிவாகியுள்ளன. பட்டை வடிவம் தெரிந்தால் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒட்டுண்ணிகள் மிகுதியாக இருந்து ஆளும் வாடியிருந்தால், 'மலேரியே' என்று எழுதும் முன் கையை நிறுத்துங்கள்.

விரைவுச் சோதனைப் பட்டைகள் அவசரத்துக்கு உதவும். நோலெசியைத் தனியாகக் காட்டிக்கொடுக்க அவற்றை நம்ப முடியாது.

ஐந்தாம் படி: மரபணுச் சோதனை

1965இல் மலேசியாவின் பகாங் காட்டுக்குப் போய்வந்த ஓர் அமெரிக்கரிடம் நோலெசி இருப்பதை உறுதிசெய்ய, அவர் இரத்தத்தைக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. நுண்ணோக்கி அவரிடம் முதலில் ஃபால்சிபாரம் என்றது, பிறகு மலேரியே என்றது. இன்று வடிதாள் சொட்டே போதும்.

அதிலிருந்து டிஎன்ஏ பிரித்து, அதன் குறிப்பிட்ட பகுதியைப் பன்மடங்கு படியெடுக்கும் பி.சி.ஆர். சோதனையை இரண்டு சுற்றுச் செய்யுங்கள். முதல் சுற்று 'இது பிளாஸ்மோடியம்தானா?' என்று கேட்கிறது. இரண்டாம் சுற்றில் ஒவ்வோர் இனத்துக்கும் உரிய தொடக்க இழையை (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) தனித்தனியாக இடுகிறோம். முதல் சுற்று 'ஆம்' என்று சொல்லி, இரண்டாம் சுற்றில் நான்கு இனங்களும் 'இல்லை' என்றால், அதைச் சோதனைத் தவறென்று குப்பையில் போடாதீர்கள். காப்பிட்டில் 'மலேரியே' என்று எழுதப்பட்ட மாதிரிகள் மலேரியே சோதனைக்குப் பிடிகொடுக்காததுதான் தேடலைத் தொடங்கிவைத்தது.

இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. தொடக்கத்தில் பயன்படுத்திய நோலெசி இழைகள் சில வேளை வைவாக்ஸையும் பிடித்துக்கொள்வது பின்னர் தெரியவந்தது. எதிர்பாராத இனம் வந்தால் மரபணு வரிசையையும் படித்து உறுதிசெய்யுங்கள். இனம் உறுதியாகத் தெரிந்த மாதிரியும் வெறும் நீரும் ஒப்பீட்டுக்காக ஒவ்வொரு முறையும் கூடவே ஓட வேண்டும்.

ஆறாம் படி: பதிவேடு

ஒவ்வொரு நோயாளிக்கும் ஸ்லைடு சொன்னது, பி.சி.ஆர். சொன்னது, ஊர், தொழில், பயணம் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். ஸ்லைடும் பி.சி.ஆரும் முரண்பட்டால் ஒன்றை அழித்துத் திருத்த வேண்டாம், முரண்பாட்டையே பதியுங்கள். ஒரே ஆளிடம் இரண்டு இனங்கள் இருப்பதும் உண்டு, அதற்கும் ஒரு கட்டம் விடுங்கள். வைவாக்ஸ், ஓவலே என்று எழுதும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை. கல்லீரலில் உறங்குவதைக் கொல்லும் பிரைமாகுவின் மருந்தை மருத்துவர் அந்தச் சொல்லை நம்பித்தான் தருவார். அந்த மருந்து சிவப்பணுக்களைச் சிதைத்துவிடாதபடி, அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உண்டா என்றும் பார்த்துக்கொள்வார்.

பட்டை வடிவம் தெரிந்து, பி.சி.ஆர். முடிவு இன்னும் வராத மாதிரிக்கு நோலெசி உள்ள ஊர்களில் 'மலேரியே அல்லது நோலெசி' என்று இரண்டையும் எழுதி, நோலெசி என்றே வைத்துச் சிகிச்சையைத் தொடங்கச் சொல்லுங்கள்.